பசியாறச் சொல்லும் ஊர்

*பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அவற்றுக்குள் அடுப்பெரித்து வாழ்ந்தவர்களைக் காப்பது யார்?*

ஜார்ஜ் டவுனின் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலையை நிதானமாக நடந்து கடக்கக் கால்மணி நேரம் போதும். வடக்கு முனையில் வெள்ளைத் தூண்கள் தாங்கி நிற்கிறது செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818-இல் கட்டி முடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பு அதன் ஒவ்வொரு செங்கல்லிலும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். ஆளுயர ஊதுவத்திகளின் புகை சாலைவரை வந்து கண்ணைக் கரிக்கும். அடுத்தது, குயின் தெருவைப் பார்த்தபடி இந்தச் சாலைக்கு முதுகு காட்டி நிற்கும் மகாமாரியம்மன் கோயில், 1833-இல் எழுந்தது. அதையும் தாண்டினால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் கும்மட்டங்கள். இங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் தொடங்கிவைத்த பள்ளிவாசல் அது.

இவ்வளவும் சுற்றுலா வழிகாட்டிகள் மனப்பாடமாக ஒப்பிப்பவைதான். ஆனாலும் இந்தச் சாலை என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பதற்குக் காரணம், இவற்றில் எதுவும் காட்சிப் பொருளாக நிற்கவில்லை என்பதே. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதே நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் பூ வாங்கக் கூட்டம். சீனக் கோயிலில் வேலைக்குப் போகிற வழியில் ஊதுவத்தி கொளுத்திவிட்டு ஓடும் இளைஞர்கள். இருநூறு ஆண்டுக் கட்டடங்கள், இன்றைய வேலைநாளின் அவசரம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் வாழ்கிற ஊர் இது.

இந்தச் சாலையைப் போலவே நண்பர்களும் என்னை இந்த ஊருக்கு இழுக்கிறார்கள். பட்டர்வொர்த்திலிருந்து படகேறிக் கரையிறங்கியதுமே கைப்பேசி அடிக்கும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், அந்த ஊர்த் தமிழர் எவரும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்பார்: "தம்பி, பசியாறியாச்சா?" "இல்ல சார்" என்றால் அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரியும். "அப்படியே அங்கயே நில்லுங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்." நலம் விசாரிப்பு, ஊர்ச் செய்தி எல்லாமே அதற்கு அப்புறம்தான்.

கடல் கொண்டுவந்து சேர்த்த தெரு

1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவில் கொடி ஏற்றினார். மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை ஊருக்கு வைத்தார். புதுத் துறைமுகம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலங்கள் வரத் தொடங்கின. அந்தக் கடல்வழி அவற்றுக்குப் புதிதல்ல. பக்கத்துக் கெடாவுக்கு அதற்கு முன்பே பல நூற்றாண்டுகளாகத் துணி விற்கப் போய்வந்தவர்கள் அவற்றில் வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள். ஆங்கில ஆவணங்கள் அவர்களைச் சூலியாக்கள் என்று குறித்தன. அவர்கள் கடை விரித்த தெரு சூலியா தெரு ஆயிற்று.

அந்தத் தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு சின்ன நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவரின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கடற்பயணத்தில் காத்தருளும்படி வேண்டிக்கொண்டவர்கள், கரை சேர்ந்த இடத்திலும் அவருக்கு ஓர் இடம் எழுப்பினார்கள். நாகூரின் ஐந்து மினாரா உயரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கையளவு மண்டபம், பச்சையும் வெள்ளையுமாகச் சுவர், உள்ளே சாம்பிராணி மணம். வெளிச்சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள். மலாய்க்காரர்கள் அணியும் சொங்கோக் தொப்பியைத் தைத்துக் கொடுக்கிற தொழில் இந்த மூலையில் தமிழ் முஸ்லிம்கள் கையில் வளர்ந்தது. விறைப்புக்கு உள்ளே தாள் அட்டை, மேலே கறுப்பு வெல்வெட், உள்பக்கம் பளபளக்கும் துணி. தலையை அளந்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். பெருநாள் நெருங்கினால் இரவெல்லாம் தையல் இயந்திரம் ஓடும்.

சூலியா தெருவுக்கு வடக்கே, இன்று லிட்டில் இந்தியா என்று பலகை தொங்குகிற பகுதியில், மார்க்கெட் தெருவை நம் ஆட்கள் கடைத்தெரு என்றார்கள். பினாங்கு தெரு செட்டித் தெரு ஆயிற்று. நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யையும் 'கடலுக்கு அப்பால்' நாவலையும் படித்தவர்களுக்கு இந்தத் தெரு ஏற்கெனவே பழக்கம். பெட்டியடியில் குந்திக் கணக்கெழுதிய பையன்களும் போர்க்காலத்து வதந்திகளும் அந்தப் பக்கங்களில் உயிரோடு இருக்கிறார்கள். இன்றும் தைப்பூசத்துக்கு முதல்நாள், காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் வந்து சேர்ந்த வெள்ளி ரதம், பினாங்கு தெருக் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைப் பக்கம் நகரத்தார் கோயிலுக்குப் போகிறது. வழியெங்கும் தேங்காய் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள்.

ரஜுலா கப்பலில் அக்கரைக்குப் போன தாத்தா இல்லாத வீடு நாகப்பட்டினம், நாகூர், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்தில் குறைவு. அந்தக் கப்பல் 1926-இலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அது இறக்கிவிட்டுப் போன மனிதர்கள்தான் இந்த ஊரின் சாப்பாட்டு மேசையில் பாதியை நிரப்பினார்கள்.

ஒரு தட்டில் ஊர் முழுக்க

நாசி கண்டார் கடைக்குள் நுழைவதற்கு முன்பே தெருமுனையில் மணம் பிடித்துக்கொள்ளும். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புச் சட்டிகள் என்று தோளில் காவடியாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கொண்டுபோய் விற்றதில் தொடங்கிய சாப்பாடு இது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. பினாங்கு சாலைச் சந்து ஒன்றில் இருக்கிற லைன் கிளியர் கடைக்கு நள்ளிரவிலும் வரிசை நிற்கும்.

பரிமாறுகிறவரின் கையைப் பார்க்க வேண்டும். சோற்றைத் தட்டில் கவிழ்ப்பார். நாம் கை காட்டிய மீன் துண்டையோ கோழியையோ கணவாயையோ எடுத்து வைப்பார். ஓரத்தில் முழு வெண்டைக்காய் இரண்டு. அதன் பிறகுதான் வித்தை. மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் அரைக் கரண்டி, கறுத்துத் திரண்ட மாட்டுக் குழம்பில் கொஞ்சம், அப்புறம் பருப்பிலிருந்து ஒரு சுற்று. எதை முதலில் ஊற்றுவது, எதைக் கடைசியில் மேலாக விடுவது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. குழம்புகள் கலக்கும் இடத்தில் பிறக்கும் சுவைதான் நாசி கண்டார். தனித்தனிக் கிண்ணத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அந்தச் சாப்பாடு வேறு.

தலைமையாசிரியரின் மனைவி அதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "மசாலா நம்ம ஊரு, கை இந்த ஊரு." உண்மைதான். சீரகமும் சோம்பும் கறிவேப்பிலையும் கடல் தாண்டி வந்தன. இங்கே சோயாவும் நட்சத்திரச் சோம்பும் மலாய்ச் சமையலின் தேங்காய்ப்பாலும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. 'மாமாக்' என்று இங்கே சொல்கிற தமிழ் முஸ்லிம் கடையில் கிடைக்கிற மீ கோரெங்கில் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸ், நம் மிளகாய் அரைப்பு, உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஓர் எலுமிச்சைத் துண்டு. எது யாருடையது என்று பிரிக்கப் போனால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

நம் நாக்குக்குச் சட்டென்று உறவாகிவிடுவது அசாம் லக்சா. கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி வகை மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, அதே தண்ணீரில் புளியும், நம் கொடம்புளிக்கு உறவான அசாம் கெலுகோர் வற்றலும் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். அதில் காந்தான் என்கிற இஞ்சி வகைப் பூவின் மொட்டு சேரும்போது எழும் மணத்துக்கு நம் சமையலில் இணை கிடையாது. தடித்த அரிசி நூல் மேல் அந்தச் சாற்றை ஊற்றி, அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா தூவி, கடைசியில் கறுப்பு இறால் பாகு ஒரு கரண்டி. புளிப்பு, காரம், இனிப்பு, கடல் வாசனை நான்கும் ஒரே வாயில். மதியத்துக்குப் பிறகு போனால் பல கடைகளில் பானை காலியாகிவிடும்.

சார் குவே தியாவ் செய்கிற சீனப் பெரியவர்களிடம் அவசரம் செல்லாது. கரி அடுப்பு, ஒரு வாணலி, ஒரு நேரத்தில் ஒரு தட்டு. இறால், சிப்பி, முட்டை, முளைப்பயறு, பூண்டுத்தாள், அகலமான அரிசி நூடுல்ஸ் எல்லாம் இரண்டு நிமிடத்தில் புகைந்து இறங்கும். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. பத்துப் பேருக்குச் சேர்த்துக் கிளறினால் அந்தப் புகை மணம் வராது என்பதால் பத்துப் பேரும் காத்திருப்பார்கள். காத்திருக்கிற நேரத்துக்கு ஜாதிக்காய்ச் சாறு இருக்கிறது. தீவின் மறுபக்கம் பாலேக் பூலாவ் மலைச்சரிவில் விளையும் ஜாதிக்காயின் சதைப் பகுதியை வேகவைத்தோ பிழிந்தோ சர்க்கரை சேர்ப்பது. வெயிலுக்கு அதைப் போல மருந்தில்லை.

இந்தச் சமையலுக்கு வாரிசு கிடைப்பதில்தான் கஷ்டம். பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் கோலாலம்பூர் அலுவலகங்களுக்கும் போய்விடுகிறார்கள். 2016 முதல், சார் குவே தியாவ், அசாம் லக்சா போன்ற உள்ளூர் உணவுகளைத் தெருக்கடைகளில் சமைக்கும் தலைமைச் சமையற்காரர் வெளிநாட்டவராக இருக்கக் கூடாது என்று மாநில அரசு விதித்தது. சுவையைக் காக்க வேண்டும் என்ற அக்கறை புரிகிறது. ஆனால் தடை ஒன்று மட்டும் இளைஞனைக் கரி அடுப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடாது. கடைக்கு வாடகை கட்டுப்படியாக வேண்டும். அங்கிருந்துதான் கட்டடத்தின் கதை தொடங்குகிறது.

சுவர் சொல்லும் கணக்கு

ஜார்ஜ் டவுனின் உயிர் அதன் மாளிகைகளில் மட்டும் இல்லை. லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே என்ற சீனப் பெருவணிகர் கட்டிய நீல மாளிகை அழகுதான். சுண்ணாம்பில் அவுரி கலந்த நீலம், 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். இடிந்து கிடந்த அதை 1989-இல் சிலர் சேர்ந்து வாங்கி, பழைய முறையிலேயே பழுதுபார்த்து, 2000-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றார்கள். ஆனால் இந்த ஊரை ஊராக ஆக்கியவை வரிசை வரிசையாக நிற்கும் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம்.

முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். நடுவில் கூரை திறந்த முற்றம். மழையும் வெளிச்சமும் காற்றும் அதன் வழியாக இறங்கும். முன்னால் அஞ்சடி நடைபாதை, ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு வெயில்படாமல் போகலாம். மாடியில், வாசலுக்கு நேர் மேலே, தரைப்பலகையில் கையளவு ஒரு துண்டைத் தூக்கினால் கீழே யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். என் சீனத் தோழி ஒருவர் ஆர்மீனியன் தெருப் பக்கம் இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர். அந்தத் துளை வழியாகக் கூடை இறக்கித் தெருவில் போகும் வியாபாரியிடம் நூடுல்ஸ் வாங்கியதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும்.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வாங்கி வெளியே விட்டுவிடும். கடலோர ஊருக்கு அது அவசியம். பழுதுபார்ப்பதாக நினைத்துச் சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபடுகிறது. உப்பு பூத்து, செங்கல் பொடிந்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குப் பொதுச்சுவர் ஒன்றுதான் என்பதால் ஒரு வீட்டின் கூரை ஒழுகினால் அடுத்த வீட்டு உத்தரமும் உளுக்கும். ஆளில்லாத வீடு தன்னோடு அண்டை வீட்டையும் கெடுக்கும். ஒழுகும் ஓட்டை அன்றே மாற்றிவைக்க உள்ளே ஒருவர் குடியிருக்க வேண்டும்.

என் தோழியின் குடும்பம் இப்போது அங்கே இல்லை. அவர்கள் கதை பல ஆயிரம் குடும்பங்களின் கதை. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் பிடித்துவைத்திருந்தது. தச்சர், தையற்காரர், பலகாரக்காரர், ஊதுவத்தி உருட்டுபவர் எல்லாரும் நகர மையத்தில் குடியிருக்க முடிந்தது அதனால்தான். வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கையில் வந்த வாடகை ஓடு மாற்றக்கூடப் போதவில்லை, அதனால் கட்டடங்கள் நைந்தன. 1997-இல் சட்டத்தை நீக்கத் தீர்மானித்தார்கள். 1999 முடிந்ததோடு பாதுகாப்பும் முடிந்தது. வாடகை எகிற, குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போயின.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 ஜூலை 7-இல், மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. பினாங்கில் அந்த நாள் இன்று பொது விடுமுறை. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் பல தெருக்களில் இன்று வானளாவிய கட்டடங்கள் நின்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடவே வந்தவை சிறு விடுதிகளும் காப்பிக் கடைகளும். 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் ஆர்மீனியன் தெருச் சுவரில் சைக்கிளோட்டும் இரு குழந்தைகளை வரைந்தபின் அந்தத் தெரு முழுநேரமும் புகைப்பட வரிசையாகிவிட்டது. படம் அருமையானது. அதன் முன் நிற்கும் கூட்டத்துக்கு அந்தத் தெருவில் விளையாடி வளர்ந்த நிஜக் குழந்தைகள் எங்கே போனார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும்.

திரும்பி வருகிறவர்கள்

தோழி இன்றும் தன் குலக்கோயில் விழாவுக்கு வந்துவிடுகிறார். ஒரு விழா நாளில் நாங்கள் மூவரும், தலைமையாசிரியரும் தோழியும் நானும், லிட்டில் இந்தியாவில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். இருவருமே நகர மையத்தில் பிறந்தவர்கள், இருவருமே இப்போது வெளியே வசிப்பவர்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்த அவர்கள் பேச்சு முழுக்க எந்தக் கடைக்காரர் இன்னும் இருக்கிறார், எந்த வீட்டில் யார் என்பது பற்றித்தான். "கட்டடம் நல்லாத்தான் இருக்கு. கதவத் தட்டினா யாரு திறப்பாங்க, அதுதான் தெரியல" என்றார் சார். தோழி தலையசைத்தார்.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1986-இல் ஊர்க்காரர்கள் தொடங்கிய பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை, அழியும் நிலையில் இருக்கும் கைத்தொழில்களின் மூத்த கலைஞர்களுக்கு விருது கொடுத்திருக்கிறது. அவர்களிடம் இளைஞர்களைப் பயிற்சிக்கும் சேர்த்திருக்கிறது. 2009-இல் தொடங்கிய திங்க் சிட்டி அமைப்பு பழைய வீடுகளைப் பழுதுபார்க்க மானியம் கொடுத்திருக்கிறது. ஒரு சுண்ணாம்புச் சுவரை முறையாகப் பூசத் தெரிந்த கொத்தனாரை உருவாக்குவதும், பழைய வாடகைதாரரைப் புதுக் கூரைக்கு அடியில் அப்படியே இருக்கவைப்பதும் சம அளவு பாரம்பரியப் பணி என்பதை இந்த ஊர்க்காரர்கள் வாதாடி நிலைநாட்டிவருகிறார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பினாங்குக்குப் போகிறவர்களும் இதில் பங்கு எடுக்கலாம். விடுமுறை வார இறுதியைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள். குடும்பமாக நடத்துகிற கடையில் சாப்பிடுங்கள். ஒரு சொங்கோக் தைப்பவரிடமோ ஊதுவத்தி செய்பவரிடமோ ஏதாவது வாங்குங்கள், பேரம் பேசாமல். சூ குலத்தார் கடல்மேல் கால் நாட்டிக் குடியிருக்கும் மரவீட்டுத் துறைக்குப் போனால், அது குடியிருப்பு என்பதை நினைவில் வைத்து வாசலோடு நில்லுங்கள்.

நமக்கு இதில் தனிப் பாடமும் இருக்கிறது. பினாங்கிலும் பர்மாவிலும் ஈட்டிய பணத்தில் எழுந்த செட்டிநாட்டு வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைபோகின்றன. நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல்காரர் வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட்டாக மாறுகின்றன. பழைய வீட்டைக் காக்க நாம் விதி எழுதும்போது முகப்பையும் ஓட்டையும் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. அதில் குடியிருப்பவருக்கு வாடகைப் பாதுகாப்பு, பழுதுபார்க்க வீட்டுக்காரருக்கு உதவி, சுண்ணாம்பு வேலை தெரிந்தவருக்குக் கூலி என்று மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். ஜார்ஜ் டவுனில் குடும்பங்கள் முதலில் வெளியேறின, அங்கீகாரம் அப்புறம்தான் வந்தது. அந்த வரிசையை மாற்றிப் போட நாகூருக்கும் காரைக்குடிக்கும் இன்னும் அவகாசம் இருக்கிறது.